பித்தளைத் தட்டும் இடது கண்ணும்

பிப்ரவரி 9

அண்ணனுக்கு,

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று உறையைப் பார்த்ததும் சிரித்திருப்பாய். போன் செய்தால் இரண்டு "சரி சரி"யோடு வைத்துவிடுகிறாய். மெசேஜ் அனுப்பினால் ஒரு கட்டைவிரல் படம் வருகிறது. கடிதத்துக்குக் கட்டைவிரலைக் காட்ட முடியாது, அதனால் எழுதுகிறேன்.

உங்கள் ரெக்கார்டிங் கம்பெனியிலிருந்து பார்சல் வந்தது. "பின்வாசல் இசைக்குழு: இருபது ஆண்டுகள்" என்று மேலே பெரிய எழுத்து. முதல் ஆல்பத்திலிருந்து போன வருடம் வந்தது வரை பொறுக்கியெடுத்த பாட்டுகள் ஒரே தொகுப்பாக வருகிறதாம். முன்னாள் உறுப்பினர் என்ற முறையில் ஆரம்ப நாட்களைப் பற்றி நான் நாலு வரி எழுதித் தர வேண்டுமாம். அண்ணனும் தங்கையுமாக ஆரம்பித்த குழு. பதினோரு வருடம் டிரம்ஸ் அடித்தவளுக்கு நல்ல பெயர் வைத்திருக்கிறீர்கள்.

சரி, கேட்டுவிட்டு எழுதலாம் என்று மாதிரி சிடியை நான் கற்றுக்கொடுக்கும் டிரைவிங் ஸ்கூல் வண்டியில் போட்டேன். ஸ்டியரிங்கில் வங்கியில் வேலை பார்க்கும் ஓர் அம்மா, அன்றுதான் மூன்றாவது கியருக்கு வந்திருந்தார். "சாவி எங்கே" தொடங்கியது. அந்தப் பாட்டைக் கேட்டால் என் கால் சும்மா இருக்காது, உனக்கே தெரியும். சொல்லிக்கொடுக்கிறவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. கால் தன் பாட்டுக்கு அடிக்க, வண்டி நடுரோட்டில் விக்கல் எடுத்தது. "நான் என்னங்க தப்பு பண்ணேன்?" என்று அந்த அம்மா பயந்துபோய்க் கேட்டார். "நீங்க இல்லம்மா, எங்க அண்ணன்" என்றேன்.

ஏனென்றால் என் கால் ஓரிடத்தில் அடிக்கிறது, சிடியில் அடி வேறிடத்தில் விழுகிறது. பல்லவிக்குள் நுழையும்போது நான் எப்போதும் கொஞ்சம் முந்துவேன். இதில் அளவெடுத்துத் தைத்த மாதிரி விழுகிறது. இது நான் அடித்ததே இல்லை. எனக்குப் பிறகு உங்களிடம் வந்தாரே, இம்மி பிசகாமல் அடிக்கிறார் என்று நீங்கள் எல்லோரும் கடிகாரம் என்று கூப்பிடுகிறவர், அவர் அடித்தது. என் காலத்துப் பாட்டு அத்தனையிலிருந்தும் என்னைத் துடைத்துவிட்டு அவரை உட்கார வைத்திருக்கிறாய். அதிலும் டிரம்ஸோடு நிற்கும் அந்தப் பித்தளைத் தட்டின் சத்தம் இருக்கிறதே, தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி பல் கூசுகிறது. யார் இப்படி ஏற்றி வைத்தது?

அட்டைப்படத்தையும் பார்த்தேன். நம் முதல் பெரிய மேடை. நீ வழக்கம்போல என் வலது பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கிறாய், நான் தட்டை ஓங்கி அடிக்கிறேன். எந்த மேடைப் படத்திலும் உனக்கு இடது கண் இறுக மூடித்தான் இருக்கும். "என் பிள்ளைக்கு மேடை ஏறினா அரைக்கண்ணு" என்று அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். இந்தப் படத்தில் இரண்டு கண்ணும் அகலத் திறந்திருக்கின்றன. கம்ப்யூட்டரில் திறந்திருக்கிறார்கள். கண்ணைக்கூட விட்டுவைக்கவில்லை.

ஏப்ரல் கடைசியில் அச்சுக்குப் போகிறது என்று கம்பெனிக்காரர் எழுதியிருக்கிறார். அதற்குள் நான் அடித்ததை என் பாட்டுகளில் திரும்ப வை. இல்லையென்றால் என் பெயரையும் படத்தையும் எடுத்துவிடு. நான் அடிக்காத அடிக்கு எனக்குப் பாராட்டு வேண்டாம்.

தங்கை

பிப்ரவரி 17

பாப்பா,

கோபம் வந்தால் நீ நன்றாக எழுதுகிறாய். ஆனால் விஷயம் தெரியாமல் எழுதுகிறாய்.

உன்னை யாரும் துடைக்கவில்லை. பழைய டேப் தேய்ந்துபோயிருக்கிறது. ஸ்டுடியோவில் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டாக நானே கேட்டேன். கீழே தொப் தொப் என்று விழுகிற பெரிய அடி இருக்கிறது. மேலே தட்டுச் சத்தம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கிறது. ஒலிப்பதிவாளரிடம் "தட்டே இல்லையே" என்றேன், அவரும் "ஆமா சார்" என்றார். இதை அப்படியே போட்டால் உனக்குத்தான் அசிங்கம் என்று நினைத்தேன். உன் மானத்தைக் காப்பாற்றத்தான் கடிகாரத்தை உட்கார வைத்து அடிக்கச் சொன்னேன். நன்றி எதிர்பார்க்கவில்லை, திட்டையும் எதிர்பார்க்கவில்லை.

பல் கூசுகிறது என்கிறாய். எனக்கோ இன்னும் கொஞ்சம் ஏற்றினால் தேவலை என்று இருக்கிறது. ஒலிப்பதிவாளர் ஏற்ற ஏற்ற, "இன்னும், இன்னும்" என்று நான்தான் சொன்னேன். இருபது வருடமாக இந்தக் குழுவின் சத்தத்தைத் தீர்மானிக்கிறவன் நான். டிரைவிங் ஸ்கூல் வண்டியின் ஸ்பீக்கரை வைத்து நீ தீர்ப்பு சொல்லாதே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டிருப்பானேன். எல்லாப் பழியையும் டேப் மேல் போடவும் முடியாது. கடைசி இரண்டு வருடம் நீ தட்டைத் தொடவே இல்லை. உனக்கு ஆர்வம் போய்விட்டது. அன்றைக்கு மேடையில் நான் கேட்ட விதம் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். கேட்ட விஷயம் தப்பில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இப்போது ஒன்பது வருடம் கழித்து என்னிடம் நியாயம் கேட்கிறாய்.

பெயரை எடுக்க மாட்டேன். நீ இல்லாமல் பின்வாசல் உண்டா?

அண்ணன்

பிப்ரவரி 24

அண்ணா,

தேய்ந்தது டேப் இல்லை, உன் மனசாட்சி என்று முதல் வரியாக எழுதி, பிறகு அடித்தேன். யோசித்துப் பார்த்து அதையே திரும்ப எழுதியிருக்கிறேன்.

நான் தட்டைத் தொடவில்லையா? முதல் ஒன்பது வருடம், "மெதுவா அடி பாப்பா, காது கிழியுது" என்று ஒவ்வொரு கச்சேரியிலும் கெஞ்சியவன் நீ. "அப்போ அந்தப் பக்கம் போய் நில்லு" என்று ஒவ்வொரு கச்சேரியிலும் சொன்னவள் நான். ஒரு நாளாவது நகர்ந்திருப்பாயா? மேடை எவ்வளவு அகலமாக இருந்தாலும் என் தட்டுக்குக் கீழேயே வந்து நிற்பாய். அப்புறம் திடீரென்று பேச்சு தலைகீழாக மாறியது. "ஏன் அடிக்கவே மாட்டேங்குற?" சரி, அண்ணன் சொல்கிறானே என்று இன்னும் ஓங்கினேன். மணிக்கட்டு வீங்கியது, துணியைச் சுற்றிக்கொண்டு அடித்தேன். அண்ணிதான் ஐஸ் வைத்துவிட்டாள், கேட்டுப் பார்.

கடைசியில் அந்த மேடை. "சாவி எங்கே" பல்லவி முடிந்ததும் என் பக்கம் திரும்பி, மைக்கை வாயிலிருந்து எடுக்காமலே, "அடிக்கிறியா, இல்ல தூங்குறியா?" என்றாய். கூட்டம் சிரித்தது. பாடகர் சொன்னால் சிரித்துத்தானே ஆக வேண்டும். நான் குச்சியைக் கீழே வைத்துவிட்டு இறங்கினேன். பின்னால் ஓடிவருவாய் என்று பஸ் நிறுத்தத்தில் நின்றேன். நீ அடுத்த பாட்டைத் தொடங்கியது நிறுத்தம் வரை கேட்டது.

ஒன்பது வருடமாக அந்த ஒரு கேள்விக்கு மனதுக்குள் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அடித்தேன். தூங்கவில்லை. அந்தப் பழைய டேப்தான் எனக்குச் சாட்சி, அதையும் கலைத்துவிட்டு "உன் மானத்தைக் காப்பாற்றினேன்" என்கிறாய்.

உன்னிடம் சொல்வது செவிடன் காதில் ஊதிய சங்கு. அந்த ஒலிப்பதிவாளரிடமே நான் பேசிக்கொள்கிறேன்.

தங்கை

மார்ச் 3

பாப்பா,

யாரிடம் வேண்டுமானாலும் பேசு. இன்று எனக்கு உன் கடிதத்துக்கு நிதானமாகப் பதில் எழுதுகிற மனநிலை இல்லை.

காலையிலிருந்து எல்லோரும் என் பொறுமையைச் சோதிக்கிறார்கள். புதிதாக ஒரு வாஷிங் மெஷின் வாங்கினேன். துவைத்து முடித்ததும் சத்தம் போடும் என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். ஒரு நாளும் போட்டதில்லை. மெக்கானிக்கை வரவழைத்தால், அவன் பொத்தானை அமுக்கிவிட்டு "போடுதே சார்" என்று சிரித்துக்கொண்டே போகிறான். வாசல் மணியை மாற்றினேன், அதுவும் ஊமை. இந்தக் காலத்துப் போன்கள் சுத்த மோசம், பேசுகிறவர்கள் கம்பளிக்குள் இருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது. உன் அண்ணி அடுப்பைப் பார்த்துக்கொண்டு முணுமுணுக்கிறாள். "என்ன?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல, விடுங்க" என்கிறாள். முகத்தைப் பார்த்துப் பேசுகிற பழக்கமே உலகத்தில் போய்விட்டது. வேலையை ஒழுங்காகச் செய்கிறவனும் இல்லை, வாயைத் திறந்து பேசுகிறவனும் இல்லை.

இதற்கு நடுவில் நீ. பஸ் நிறுத்தத்தில் நின்றாயா? எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் போய்விட்டாய் என்று நினைத்தேன்.

தொகுப்பு இப்போது இருக்கிறபடியே போகும்.

அண்ணன்

மார்ச் 11

அண்ணா,

டிரைவிங் ஸ்கூல் வண்டியிலிருந்தே ஒலிப்பதிவாளருக்குப் போன் செய்தேன். சண்டை போடத்தான் செய்தேன். "என் டேப் தேஞ்சு போச்சா?" என்றேன். "அது வந்து மேடம்..." என்று இழுத்தார். பிறகு, "டேப் நல்லாத்தான் மேடம் இருக்கு. சார் தட்டே இல்லன்னாரு. உயிர் இல்லன்னு சொல்ற மாதிரி ஏதோ கலைஞர் பேச்சுன்னு நெனச்சேன். அவ்வளவு பெரியவர் இல்லன்னு சொல்றப்போ நான் எப்படி இருக்குன்னு சொல்றது?" என்றார்.

போனிலேயே போட்டுக் காட்டச் சொன்னேன். "சாவி எங்கே". அண்ணா, அந்த ஓட்டைப் போனில்கூடத் தட்டு கேட்டது. பல்லவிக்கு முன்னால் நான் முந்திக்கொண்டு அடிப்பேனே, அந்த அடி பளிச்சென்று கேட்டது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்து உன் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். சண்டைக்காகப் படிக்கவில்லை இந்தத் தடவை. உன் வாஷிங் மெஷின் சத்தம் போடுகிறது. வாசல் மணி அடிக்கிறது. மெக்கானிக் உன்னைக் கேலி செய்யவில்லை. அண்ணி முணுமுணுக்கவில்லை. போன் செய்தால் "சரி சரி" என்று நீ வைத்துவிடுவதற்கு இத்தனை வருடமாக எனக்குத் தோன்றிய காரணம் திமிர். பெண் குரல், கீச்சென்ற குரல், உனக்கு எட்டவில்லை என்று இப்போதுதான் உறைக்கிறது.

போன கடிதத்தில் ஒரு பழமொழி எழுதினேன். அதை அடித்துவிட்டுப் படி.

ஆனாலும் என் ஆத்திரம் தீரவில்லை. யார் மேல் என்றுதான் புரியவில்லை. ஒரு மனுஷனைச் சுற்றிக் கூட்டமாக நின்றுகொண்டு ஆமாம் சாமி போட்டிருக்கிறார்கள். அவன் காது போகிறது என்று சொல்ல ஓர் ஆளுக்கு வாய் இல்லை. ஒலிப்பதிவாளர் வாய் திறக்கவில்லை, கடிகாரம் திறக்கவில்லை, அண்ணி "விடுங்க" என்று விட்டுவிட்டாள். நானாவது கூட இருந்திருந்தால் முதல் வாரமே காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போயிருப்பேன். என்னையும் துரத்திவிட்டாய்.

போய்க் காதைக் காட்டு. அதுவரை எனக்கு எழுதாதே.

தங்கை

மார்ச் 22

பாப்பா,

உன் கடிதத்தைக் கிழித்தேன். அண்ணி அதைப் பொறுக்கி, ஒட்டி, சாப்பாட்டு மேசையில் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். வைத்துவிட்டு என் முகத்துக்கு நேராக வந்து நின்று, வாயை நன்றாகத் திறந்து, "அவ சொல்றது நெசம்" என்றாள். தெரிந்திருந்தும் ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். "சொன்னேனே, மூணு வருஷமா சொல்றேன், நீங்க 'என்ன?'ன்னு கேட்டீங்க" என்றாள்.

டாக்டர் ஒரு சின்ன அறையில் உட்கார வைத்துக் காதில் எதையோ மாட்டினார். சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். நான் அமுக்கிக்கொண்டிருந்தேன். பிறகு நீண்ட நேரம் ஒன்றும் வரவில்லை, பரீட்சை முடிந்தது என்று நினைத்து எழுந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் "உட்காருங்க, சத்தம் போயிட்டிருக்கு" என்று கையைக் காட்டினாள். உட்கார்ந்தேன். அந்த அறையில் எனக்கு வந்த கோபம் இதுவரை எந்த மேடையிலும் வந்ததில்லை, யார் மேல் என்றுதான் எனக்கும் தெரியவில்லை.

மேல் ஸ்தாயி இரண்டு காதிலும் போய்விட்டது. இடது காது ரொம்ப மோசம். டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, "இடது பக்கம் எந்த மெஷின்கிட்ட வேலை பார்த்தீங்க?" என்றார். "என் தங்கச்சிகிட்ட" என்றேன்.

நீ அடித்திருக்கிறாய். ஓங்கி அடித்திருக்கிறாய். அத்தனை பேர் முன்னால் உன்னைத் தூங்குகிறாயா என்று கேட்டேன். அன்றைக்கு எனக்கு நிஜமாகவே கேட்கவில்லை என்பதை வைத்து அதை நான் கழுவிவிட முடியாது. உன்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். ஓடி வந்திருக்கலாம்.

தொகுப்பை நிறுத்தச் சொல்லிவிட்டேன். கம்பெனிக்காரர் குதிக்கிறார். குதிக்கட்டும். தட்டு எங்கே இருக்கிறது என்று தெரியாதவன் இருபது வருடச் சத்தத்தை எப்படிக் கோர்ப்பது? பாதியில் விட்டுவிட்டேன்.

அண்ணன்

மார்ச் 27

நிறுத்தினாயா? யாரைக் கேட்டு நிறுத்தினாய்?

இருபது வருடம் உன் ஒருத்தன் சொத்தா? அதில் பதினோரு வருடம் என்னுடையது. முதலில் என்னைத் துடைத்தாய், இப்போது மொத்தப் பலகையையும் துடைக்கிறாய். இரண்டுக்கும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காது போனாலும் உனக்கு அந்த வழக்கம் போகவில்லை.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து என் கையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இந்தக் கைதான். மன்னிப்புக் கேட்க மாட்டேன். தள்ளி நில் என்று ஒன்பது வருடம் தொண்டை கிழியச் சொன்னேன், நீதான் நகரவில்லை. ஏன் நகரவில்லை என்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். அத்தனை பெரிய மேடைகள், காலியாகக் கிடந்த அந்தப் பக்கம். காது கிழிகிறது என்பாய், ஆனாலும் அங்கேயே வந்து நின்றாய். அப்படி என்னதான் இருந்தது என் தட்டுக்குக் கீழே?

டிரைவிங் ஸ்கூலில் லீவு சொல்லிவிட்டேன். வங்கி அம்மாவை வேறொருவரிடம் ஒப்படைத்தாயிற்று, இனி வண்டி விக்கல் எடுக்காது. செவ்வாய்க்கிழமை ரயிலில் வருகிறேன். உன் குரலும் கிட்டாரும் கீழ்ச் சத்தமும் உனக்கு நன்றாகவே கேட்கிறது, அதை நீ பார். மேலே இருப்பதை நான் பார்க்கிறேன். என் பாட்டுகளில் நான், அவர் பாட்டுகளில் கடிகாரம். ஒலிப்பதிவாளர் இன்னொரு தடவை "ஆமா சார்" என்று சொன்னால் அறைக்கு வெளியே அனுப்புவேன்.

அட்டைப்படத்தில் அந்தக் கண்ணை மூடச் சொல்.

ஜூன் 14

பாப்பா,

சிடி வந்துவிட்டது. உனக்கும் இரண்டு நாளில் வரும். கண்ணை மூடிவிட்டார்கள். "திறந்த கண்ணை மூடச் சொன்ன முதல் பாடகர் நீங்கதான்" என்று கம்பெனிக்காரர் சலித்துக்கொண்டார்.

நீ ஊருக்குப் போன பிறகு ஸ்டுடியோ நிம்மதியாக இருக்கிறது என்று ஒலிப்பதிவாளர் சொல்வதாக அண்ணி சொன்னாள். அவர் இப்போது எல்லாவற்றுக்கும் "இல்ல சார்" என்கிறார், அதுவும் ஒரு தொல்லை. கடிகாரம் உனக்கு வணக்கம் சொல்லச் சொன்னார். "அக்கா அடிச்ச இடத்துல நான் அடிச்சது காப்பி அடிச்ச மாதிரி இருந்துச்சு, தப்பிச்சேன்" என்றார். காதுக் கருவி மாட்டியிருக்கிறேன். செய்தித்தாளைப் புரட்டினால் எண்ணெயில் எதையோ பொரிக்கிற மாதிரி சத்தம். வாஷிங் மெஷின் கத்துகிற கத்தலுக்கு அதை விற்றுவிடலாம் என்று இருக்கிறேன். இந்த உலகம் இவ்வளவு சத்தமாக இருக்கிறது என்று யாருமே என்னிடம் சொல்லவில்லை.

நீ வந்திருந்தபோது தினமும் கேட்டாய், ஏன் நகரவில்லை என்று. தினமும் பேச்சை மாற்றினேன். நேரில் சொல்ல வெட்கம்.

பல்லவி எப்போது தொடங்கும் என்று எனக்கு எந்த நாளும் தெரிந்ததில்லை. எண்ணிக்கை எனக்கு வராது. நான் எழுதின பாட்டுதான், இருந்தாலும் எங்கே நுழைய வேண்டும் என்று தெரியாது. தட்டை அடிக்க நீ வலது முழங்கையைத் தூக்குவாய். அதைப் பார்த்து மூச்சை இழுப்பேன், அடி விழும்போது பாடுவேன். நீ முந்தினால் நானும் முந்துவேன். அந்தப் பக்கம் போய் நின்றால் முழங்கை தெரியாது. நீ போன பிறகு மேடையில் எனக்காக ஒரு சின்ன சிவப்பு விளக்கு வைத்திருக்கிறார்கள், நுழைய வேண்டிய நேரத்தில் எரியும். பாடகருக்கு விளக்கு வைத்துப் பாட வைக்கிறார்கள் என்று வெளியில் யாருக்கும் தெரியாது. உனக்கு மட்டும் சொல்கிறேன், அதையும் எழுத்தில்.

நேற்று கருவியைக் கழற்றி வைத்துவிட்டு சிடியைப் போட்டேன். பழைய காதோடு ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று ஒரு வீம்பு. "சாவி எங்கே" வந்தது. கீழே தொப் தொப் என்று நீ. மேலே ஒன்றுமில்லை. இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது என்று உட்கார்ந்திருந்தேன். எதிரில் துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணி மடிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். பிறகு எழுந்து வந்து, என் முகத்துக்கு நேராகக் குனிந்து, "யாரைப் பாத்துங்க கண்ணடிக்கிறீங்க?" என்றாள்.

நான் கண்ணடிக்கவில்லை என்றேன். அவள் நம்பவில்லை. பாட்டை முதலிலிருந்து போட்டு, என் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு முறை தட்டு விழும்போதும் கையைத் தூக்கிக் காட்டினாள். அவள் கை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பிந்தித்தான் எழுந்தது. அதற்கு முன்பே என் இடது கண் மூடிக்கொண்டிருந்தது.

அண்ணன்